ஆசனம் வளர்ந்த வரலாறு

யோகாசனம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது எது? தலைகீழாய் நிற்கும் ஒருவருடைய உருவம் தோன்றலாம். உடலை வில்லென வளைத்த ஒருவருடைய உருவம் தோன்றலாம். பள்ளி மைதானத்தில் வரிசை வரிசையாய் நின்று, ஆசிரியரின் குரலுக்கு ஏற்பக் கைகளை உயர்த்தியும் முதுகை வளைத்தும் பயிலும் மாணவர் கூட்டமும் தோன்றலாம். இவை யாவும் ஐயாயிரம் ஆண்டுகளாக எள்ளளவும் மாறாமல் நமக்கு வந்து சேர்ந்தவை என்று மேடைகளில் பலர் முழங்குகின்றனர். மாணவர்களும் அதனைக் கேட்டுத் தம் கட்டுரைகளில் அவ்வாறே எழுதிவிடுகின்றனர். வரலாறு பயில்பவன் என்ற முறையில் அக்கூற்றை அப்படியே ஒப்புக்கொள்ள என்னால் இயலவில்லை. ஆனால், ஆசனக்கலை நேற்று முளைத்தது என்று எள்ளி நகையாடுவாரோடும் நான் உடன்படுவதில்லை. ஆசனங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. வரலாறு உண்டு என்றால் வளர்ச்சி உண்டு, மாற்றம் உண்டு என்பதுதானே பொருள்? அவ்வளர்ச்சியைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் சொல்லின் பொருளைக் காண்போம். ஆசனம் என்பது வடசொல். அமர்தல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. அரசன் அமர்வதைச் சிம்மாசனம் என்கிறோம். விருந்தினர் வந்தால் ஆசனம் அளித்து உபசரிக்கிறோம். தமிழில் இருக்கை என்று சொன்னால் பொருள் முழுவதும் அடங்கிவிடும். ஆகவே, ஆசனம் என்பது தொடக்கத்தில் உடலை முறுக்கும் பயிற்சியைக் குறிக்கவில்லை. தியானம் செய்வதற்கு ஏற்ற இருக்கை நிலையையே குறித்தது.

யோகத்திற்கு இலக்கணம் வகுத்த பதஞ்சலி முனிவரின் யோக சூத்திரத்தைப் பாருங்கள். ஏறத்தாழ 195 சூத்திரங்கள் கொண்டது அந்நூல். அதில் ஆசனத்தைப் பற்றி நேரே பேசுவன மூன்று சூத்திரங்களே. இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டு உறுப்புகளுள் ஆசனம் மூன்றாவது. அது அசையாததாகவும் இனியதாகவும் இருத்தல் வேண்டும் என்கிறார் பதஞ்சலி. அது கைகூடியவனைக் குளிர் வெப்பம் முதலிய இருமைகள் தாக்கா என்றும் கூறுகிறார். இன்ன காலை இன்ன தொடையின் மேல் வைக்க வேண்டும் என்று அவர் விளக்கப் புகவில்லை. அந்நூலுக்கு அமைந்த பழைய உரையே பத்மாசனம், வீராசனம், பத்திராசனம், சுவஸ்திகம், தண்டாசனம் முதலிய சில பெயர்களை எடுத்துக் கூறுகிறது. அவற்றுள் ஒன்றுக்கு 'சோபாசிரயம்' என்று பெயர். பற்றுக்கோட்டுடன் அமர்வது என்பது அதன் பொருள்.

அது என்ன பற்றுக்கோடு? இதனை அறிய ஏட்டைப் புரட்ட வேண்டுவதில்லை. நம் கோயில்களுக்குச் சென்றாலே போதும். யோக நரசிம்மர் திருவுருவத்தையும் ஐயப்பன் திருவுருவத்தையும் உற்று நோக்கியவர்கள், முழங்கால்களைச் சுற்றிக் கட்டப்பட்ட ஒரு பட்டையைக் கண்டிருப்பார்கள். அதற்கு யோகபட்டம் என்று பெயர். நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருப்பவனின் கால்கள் சோர்ந்து சரியாதபடி தாங்குவதே அப்பட்டத்தின் பயன். நெடுநேரம் அமர்வதே நோக்கமாக இருந்தாலன்றி இத்தகைய கருவி தோன்றியிராது. பழங்காலத்து ஆசனம் எதற்காக ஏற்பட்டது என்பதற்குச் சிற்பி விட்டுச்சென்ற சான்று இது.

இங்கே நீங்கள் ஒன்று கேட்கலாம். சிந்துவெளியில் கிடைத்த முத்திரையில் ஓர் உருவம் யோக நிலையில் அமர்ந்திருக்கிறதே. அதனால் யோகத்தின் தொன்மை விளங்கவில்லையா என்பீர்கள். மொகஞ்சதாரோவில் கிடைத்த அந்த முத்திரையைச் சிவபெருமானின் முன்னை வடிவம் என்றும், யோக நிலையில் உள்ளது என்றும் 1931ஆம் ஆண்டில் எழுதியவர் சர் ஜான் மார்ஷல். அவருக்குப் பின் வந்த அறிஞர் பலர் அக்கருத்தை மறுத்துள்ளனர். குதிகால்கள் சேர, முழங்கால்கள் விரிய அமர்ந்த உருவம் அது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால், அதன் மேலுள்ள எழுத்துகள் ஐயமற இன்னும் படிக்கப்படவில்லை. எழுத்துப் பேசாத இடத்தில் நம் விருப்பத்தைப் பேசவிடுதல் வரலாற்று முறை ஆகாது.

இருக்கையாக இருந்த ஆசனம் பயிற்சியாக விரிந்தது எப்போது? ஏறத்தாழ பத்தாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் விமானார்ச்சன கல்பம் என்ற வைகானச ஆகம நூலில் மயூராசனம் பேசப்படுகிறது. இரு முழங்கைகளையும் உந்தியின் இருபுறமும் ஊன்றி, உடல் முழுவதையும் மயிலின் தோகைபோல் நிலத்திற்கு மேல் நீட்டி நிறுத்துவது மயூராசனம். இது தியானத்திற்கு உரிய இருக்கை அன்று என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? நம் தமிழில், திருமூலர் அருளிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எட்டு உறுப்பு யோகத்தை விரித்துரைக்கிறது. அங்கே பத்திரம், கோமுகம், பங்கயம், கேசரி, வீரம், சுகாதனம் என்ற பெயர்களைக் காண்கிறோம். இவை அமர்ந்த நிலைகள். ஆனால், அங்கேயே குக்குட ஆசனமும் சொல்லப்படுகிறது. கால்களை மடித்துத் தொடைகளின்மேல் ஏற்றி, கைகளை ஊன்றி, உடலைச் சேவல்போல் மேலே தூக்கி நிறுத்துவது அது. அமர்தலும் ஆற்றலும் ஒரே நூலில் அடுத்தடுத்து நிற்கின்றன. பழைய பொருளினின்றும் புதிய பொருள் கிளைத்து வருவதை இங்கே நாம் கண்கூடாகக் காணலாம்.

பின்னர் ஹடயோக நூல்கள் பெருகின. பதினைந்தாம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை அவற்றுள் தலைமை வாய்ந்தது. அதில் விளக்கப்படும் ஆசனங்கள் 15. அதற்குப் பிற்பட்ட கேரண்ட சம்ஹிதையில் 32 ஆசனங்கள் உள்ளன. ஆசனங்கள் 84 என்று பல நூல்கள் கூறினும், அவற்றுள் சில நான்கை மட்டுமே விளக்கி நின்றுவிடுகின்றன. உயிர்கள் 84 இலட்ச வகையின என்னும் பழைய நம்பிக்கையோடு இயைந்த எண் அது. நிறைவைக் குறிக்கும் எண் என்று கொள்ளுதல் தகும்.

ஹடயோக நூல்களில்தான் ஆசனங்களின் பயன்கள் தனித்தனியே எடுத்துரைக்கப்படுகின்றன. மச்சேந்திராசனம் வயிற்றுத்தீயை மூட்டும். மயூராசனம் நஞ்சையும் செரிக்கச் செய்யும். மல்லாந்து பிணம்போல் கிடக்கும் சவாசனம் களைப்பைப் போக்கி மனத்திற்கு ஓய்வு தரும் என்றெல்லாம் அவை கூறும். நஞ்சைச் செரித்தல் மிகையுரை என்பதில் ஐயமில்லை. அதனைச் சோதித்துப் பார்க்க எவரும் முற்பட வேண்டா. ஆனால், சவாசனத்தைப் பற்றிய உரை மிகையுரை அன்று. ஒன்றும் செய்யாமல் கிடப்பதையும் ஒரு பயிற்சியாகக் கண்டு, அதன் பயன் உடலோடு நில்லாமல் உள்ளத்தையும் சேர்கிறது என்று குறித்து வைத்தார்களே, அந்த நுண்ணறிவை வியக்காமல் இருக்க முடியவில்லை.

இக்கலை ஒரு சமயத்தார்க்கே உரியதாய் அடைபட்டுக் கிடக்கவும் இல்லை. குவாலியரைச் சேர்ந்த முகம்மது கௌஸ் என்ற சூஃபி ஞானி, பதினாறாம் நூற்றாண்டில் யோகத்தைப் பற்றிப் பாரசீக மொழியில் ஒரு நூல் ஆக்கினார். பஹ்ருல் ஹயாத், அதாவது வாழ்வின் கடல் என்பது அந்நூலின் பெயர். பின்னாளில் ஜஹாங்கீர் எனப் புகழ்பெற்ற இளவரசர் சலீமுக்காக, 1600ஆம் ஆண்டை ஒட்டி அலகாபாத்தில் அந்நூலுக்கு அழகிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. யோகிகள் பல நிலைகளில் அமர்ந்திருக்கும் அவ்வோவியங்கள் இன்று அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில், செஸ்டர் பீட்டி நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

தெற்கே விசயநகரக் காலத்து ஹம்பிக் கோயில் தூண்களில், உடலைப் பலவாறு மடித்த யோகியரின் உருவங்களைச் சிற்பிகள் செதுக்கியுள்ளனர். அதற்கும் பின்னர், மைசூரை ஆண்ட மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் ஸ்ரீதத்துவநிதி என்னும் பெருநூல் தொகுக்கப்பெற்றது. மும்மடி கிருஷ்ணராஜர் வாழ்ந்த காலம் 1794 முதல் 1868 வரை. அந்நூலின் ஒரு பகுதியில் 122 ஆசனங்கள் ஓவியங்களாய் உள்ளன. கயிற்றைப் பற்றிக்கொண்டு செய்யும் ஆசனங்களும் அவற்றுள் உண்டு. பதினைந்து முப்பத்திரண்டாகி, முப்பத்திரண்டு நூற்றிருபத்திரண்டாகியதை நினைத்துப் பாருங்கள். பயில்வோர் தோறும், ஊர்தோறும் புதியன சேர்ந்துகொண்டே வந்திருக்கின்றன.

ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆசனங்களுக்குப் படித்தவர் அவையில் மதிப்பில்லை. தெருவோரத்தில் உடலை வளைத்துக் காட்டிக் காசு பெறுவோரின் தொழில் என்று ஆங்கிலம் கற்றோர் கருதினர். யோகத்தை மேல்நாட்டார்க்கு எடுத்துரைத்த சுவாமி விவேகானந்தரும், 1896இல் வெளிவந்த தம் ராஜயோக நூலில் ஹடயோகப் பயிற்சிகளுக்கு இடந்தரவில்லை. உடலை வளர்ப்பதே அவற்றின் குறிக்கோள் என்றும், தாம் கருதும் ஆன்ம வளர்ச்சிக்கு அவை வேண்டுவதில்லை என்றும் அவர் எண்ணினார். இவ்வாறு ஒதுக்கப்பட்டுக் கிடந்த கலை, அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குள் நாடெங்கும் பரவியது எவ்வாறு? அதற்குக் காரணமானவர்களுள் மூவரை மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன்.

முதலாமவர் சுவாமி குவலயானந்தர். பரமஹம்ச மாதவதாசரிடம் யோகம் பயின்ற இவர், 1924இல் பம்பாய்க்கும் புனாவுக்கும் இடையேயுள்ள லோணாவளாவில் கைவல்யதாமம் என்ற நிலையத்தை நிறுவினார். யோக மீமாம்சை என்ற ஆராய்ச்சி இதழையும் அதே ஆண்டில் தொடங்கினார். நூலில் உள்ளது என்பதற்காக ஒன்றை நம்புவதும், பழையது என்பதற்காக ஒன்றைத் தள்ளுவதும் இரண்டும் தவறு என்பது இவருடைய போக்கிலிருந்து விளங்கும். எக்ஸ்ரே கருவியையும் அழுத்தமானியையும் கொண்டு யோகப் பயிற்சிகளை இவர் ஆராய்ந்தார். வயிற்றுத் தசைகளைத் திரட்டி எழுப்பும் நௌலி என்ற பயிற்சியின்போது, பெருங்குடலினுள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தினும் குறைகிறது என்பதை அளந்து காட்டினார். யோகிகள் நீரைக் குடலுக்குள் உறிஞ்சிக்கொள்ளும் வித்தையின் இரகசியம் இதனால் வெளிப்பட்டது. தம் ஆசிரியரின் நினைவாக அவ்வெற்றிடத்திற்கு மாதவதாஸ் வெற்றிடம் என்று பெயரிட்டார். குருபக்தியும் ஆராய்ச்சி அறிவும் ஒன்றற்கொன்று பகை அல்ல என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இரண்டாமவர் நம் தமிழ்நாட்டவர். திருநெல்வேலிச் சீமையில் பத்தமடையிற் பிறந்த குப்புசாமி, மலேயாவில் மருத்துவராய்ப் பணிபுரிந்தார்; பின்னர் துறவு பூண்டு சிவானந்தராகி, ரிஷிகேசத்தில் 1936இல் தெய்வநெறிக் கழகத்தை அமைத்தார். எளிய ஆங்கிலத்தில் இவர் எழுதிய நூல்கள், ஆசிரமத்திற்குச் சென்று தங்க இயலாத இல்லறத்தார் கைகளிலும் ஆசனப் பயிற்சியைக் கொண்டு சேர்த்தன.

மூன்றாமவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1888இல் கன்னட நாட்டில் பிறந்த இவரை ஆதரித்தவர் மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார். 1933இல் ஜகன்மோகன் அரண்மனையில் ஒரு யோகசாலை இவருக்காகத் திறக்கப்பட்டது. அங்கே பயின்றவர்களிற் பெரும்பாலோர் இளஞ்சிறுவர்கள். துள்ளித் திரியும் வயதினரை நெடுநேரம் கண்மூடி அமர்த்த முடியுமா? மூச்சின் கதியோடு ஒரு நிலையினின்று மற்றொரு நிலைக்குத் தாவிச் செல்லும் தொடர்ப்பயிற்சி அங்கே உருவாயிற்று. அந்நாளில் பள்ளிகளில் மேல்நாட்டு உடற்பயிற்சி பரவியிருந்தது. நம் நாட்டு மல்லர்களின் தண்டாலும் பஸ்கியும் இருந்தன. மராட்டிய நாட்டு அவுந்த் அரசர் சூரிய நமஸ்காரத்தைத் தம் பள்ளிகளில் பயிற்றுவித்து வந்தார். இவற்றின் சாயல் ஆசனப் பயிற்சியிற் படிந்ததா, எந்த அளவிற்குப் படிந்தது என்பதில் ஆராய்ச்சியாளரிடையே இன்றும் சொற்போர் நிகழ்கிறது. ஒன்றுமட்டும் உறுதி. நின்று செய்யும் நிலைகள் பலவும், அவற்றைத் தொடுத்துச் செய்யும் முறையும் இந்த நூற்றாண்டு மாற்றத்தில்தான் முதன்மை பெற்றன.

கிருஷ்ணமாச்சாரியார் 1934இல் யோக மகரந்தம் என்ற நூலைக் கன்னடத்தில் வெளியிட்டார். மன்னராட்சி மறைந்தபின் மைசூர் யோகசாலை 1950இல் மூடப்பட்டது. பின்னர் அவர் சென்னைக்குக் குடிபெயர்ந்து, 1989இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். முதுமையில் அவருடைய முறை மாறியது. எல்லோர்க்கும் ஒரே பயிற்சி என்பதை விடுத்து, வருகிறவரின் வயது, நோய், வலிமை இவற்றை நோக்கி ஆசனத்தை மாற்றி அமைத்தார். உடலுக்கு ஏற்ப ஆசனமே அன்றி, ஆசனத்திற்கு ஏற்ப உடல் அன்று என்பதே அவர் கண்ட தெளிவு. அவர் பெயரால் அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் சென்னையில் யோக மந்திரம் ஒன்றை நிறுவினார். இளமையில் காசநோய் முதலியவற்றால் நலிந்திருந்த பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோயிஸ், ரஷ்யப் பேரரசில் பிறந்த இந்திரா தேவி ஆகிய மூவரும் மைசூரில் அவரிடம் பயின்றவர்களே. 1966இல் வெளிவந்த ஐயங்காரின் ஆங்கில நூல் 200 ஆசனங்களைப் படங்களோடு விளக்கியது. உலகெங்கும் இன்று பயிலப்படும் ஆசனங்களிற் பெரும்பகுதி, மைசூர் அரண்மனையின் அந்த ஒரு கூடத்தினின்றும் கிளைத்தவை என்று சொன்னால் அது மிகையாகாது.

இனி, பயனைப் பற்றிய வினாவுக்கு வருவோம். யோகிகள் இதயத்தை நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு பேச்சு நெடுங்காலமாக உண்டு. 1935இல் இந்தியாவிற்கு வந்த தெரேஸ் பிராஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர், கருவியைக் கொண்டு சோதித்து, இதயத்துடிப்பு ஏறக்குறைய நின்றதாகக் கருதினார். இதனைப் பின்னர் வெங்கர், பாக்சி, ஆனந்த் என்னும் மூவர் மீண்டும் ஆராய்ந்து 1961இல் முடிவை வெளியிட்டனர். மணிக்கட்டில் நாடி மறைந்தது உண்மை. காதில் இதய ஒலி கேளாததும் உண்மை. ஆனால், மின்பதிவுக் கருவியோ இதயம் துடித்துக்கொண்டே இருந்ததைக் காட்டியது. மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்குவதால், இதயத்திற்குத் திரும்பும் குருதி குறைந்து நாடி மறைகிறது என்று அவர்கள் விளக்கினர். அற்புதம் மறைந்தது. ஆயினும், மூச்சையும் தசையையும் இவ்வளவு தேர்ச்சியோடு ஆளமுடியும் என்ற உண்மை எஞ்சி நின்றது. மறைந்த அற்புதத்தைக் காட்டிலும் எஞ்சிய உண்மையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இன்றைய மருத்துவ ஆராய்ச்சிகளும் அவ்வாறே அளவோடு பேசுகின்றன. நாட்பட்ட இடுப்புவலி உடையார்க்கு முறையான ஆசனப் பயிற்சி ஓரளவு துணை செய்கிறது, குருதி அழுத்தம் சிறிது தணிகிறது, மனப்பதற்றம் குறைகிறது. மூச்சை மெல்ல வெளிவிடும்போது வேகஸ் என்னும் நரம்பின் செயலால் இதயத்துடிப்பு தணிவதை நீங்களே நாடியைத் தொட்டு அறியலாம். உடல் வழியாக உள்ளத்தை அணுகும் வாயில் ஒன்று உண்டு என்று முன்னோர் கண்டது பொய்யாகவில்லை. ஆனால், எல்லா நோயையும் தீர்க்கும் மருந்து அன்று ஆசனம். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, சிரசாசனம் செய்யும்போது கண்ணின் உள்ளழுத்தம் இருமடங்காகிறது என்று காட்டியது. நலமுள்ளவர்க்கு அதனால் நிலையான கேடு விளைந்ததாக அவர்கள் காணவில்லை. ஆயினும், கண்ணழுத்த நோய் உடையவர் தலைகீழாக நிற்றல் தகாது என்பதை இதனால் உணர்கிறோம். பழைய நூலை மட்டும் நம்பியிருந்தால் இந்த எச்சரிக்கை நமக்குக் கிடைத்திருக்குமா?

2014ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, ஜூன் 21ஆம் நாளை யோக நாளாக அறிவித்தது. அத்தீர்மானத்தை 177 நாடுகள் முன்னின்று ஆதரித்தன. 2016இல் யுனெஸ்கோவும் யோகத்தை மனிதகுலத்தின் மரபுச்செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. இப்பெருமையைக் கேட்டு மகிழ்வது இயல்பு. அம்மகிழ்ச்சிக்கு நாம் செய்யும் கைம்மாறு, நம் மரபைப் பற்றி உண்மையைப் பேசுவதாகும். மாறாதது என்று சொன்னால்தான் மரபுக்கு மதிப்பு என்பது இல்லை. ஆசனம் மாறாமல் இருந்திருந்தால், பட்டம் கட்டி அமர்ந்த சிலரோடு அது நின்று போயிருக்கும். திருமூலரும் சுவாத்மாராமரும் பெயர் தெரியாத மைசூர் ஓவியரும் குவலயானந்தரும் கிருஷ்ணமாச்சாரியாரும் தத்தம் காலத்தில் பயின்று, ஆய்ந்து, கூட்டியும் குறைத்தும் வைத்தமையாலன்றோ அது இன்று உங்கள் பள்ளி மைதானம்வரை வந்திருக்கிறது!

மாணவர்களே! தக்க ஆசிரியரிடம் ஆசனம் பயிலுங்கள். உடல் வலிக்கும் எல்லையைக் கடந்து போட்டியிடாதீர்கள். எந்த நிலையில் நின்றாலும், அது அசையாமலும் இனிமையாகவும் அமைகிறதா என்று பதஞ்சலியின் பழைய உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். இதன் தொன்மையையோ பயனையோ பற்றி யாரேனும் பெருமுழக்கம் செய்தால், எந்த நூல், எந்த நூற்றாண்டு, எந்தச் சோதனை என்று பணிவோடு கேளுங்கள். அக்கேள்வியால் நம் முன்னோரின் புகழ் குறைந்துவிடாது.